எடைப்பயிற்சியும் சாப்பாடும்: எந்த முறை உங்களுக்கு ஒத்துவரும்?

எடைப்பயிற்சி தொடங்கலாம் என்று நினைத்த முதல் வாரத்திலேயே கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். வாரம் மூன்று நாளா, ஆறு நாளா? மெஷினா, டம்பெல்லா? கலோரி எண்ணியே ஆக வேண்டுமா? மாவுச்சத்தைக் குறைத்தால் போதுமா? ஒவ்வொன்றுக்கும் அடித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். இவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை. தங்கள் உடம்பில் பலித்ததைத்தான் சொல்கிறார்கள். அது உங்கள் உடம்பிலும் அதே அளவுக்குப் பலிக்குமா என்பது வேறு கேள்வி.

2005ல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். 585 பேருக்கு 12 வாரம், ஒரு கைக்கு மட்டும், ஒரே மாதிரியான பயிற்சி. முடிவில் ஒருவருக்குக் கையின் முன்தசை 2 சதவீதம் சுருங்கியிருந்தது. இன்னொருவருக்கு 59 சதவீதம் பெருத்திருந்தது. வலு ஒருவருக்குக் கொஞ்சமும் கூடவில்லை. வேறொருவருக்கு 250 சதவீதம் கூடியது. மற்றவர்கள் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே விரவிக் கிடந்தார்கள்.

உணவிலும் இதே கதைதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் தலைமையில் நடந்த ஆய்வு 2018ல் வெளியானது. 609 பேரில் ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவு, மறுபாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவு, ஓராண்டு முழுக்க. சராசரி எடைக்குறைப்பு முதல் குழுவில் 5.3 கிலோ, இரண்டாவதில் 6 கிலோ. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பாருங்கள்: ஏறக்குறைய 30 கிலோ இளைத்தவரும் இருந்தார், 10 கிலோ அளவுக்கு ஏறியவரும் இருந்தார். யாருக்கு எது பலிக்கும் என்று மரபணுவையும் இன்சுலின் சுரப்பையும் வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றும் பார்த்தார்கள். முடியவில்லை.

முறைக்கும் முறைக்கும் உள்ள இடைவெளி சிறியது; ஆளுக்கு ஆள் உள்ள இடைவெளி மிகப் பெரியது. இதை ஏற்றுக்கொண்டால் ஒப்பிடும் விதமே மாறிவிடும். ‘எது சிறந்தது’ என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. நான் ஒவ்வொரு முறையையும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்ப்பேன். வேலை, தூக்கம், வீடு எல்லாம் குளறுபடியாகும் வாரத்திலும் இது தாங்குமா? பலன் வருகிறதா இல்லையா என்பது இதில் சீக்கிரம் தெரியுமா? வரவில்லை என்றால் எதை மாற்றுவது என்று புரியுமா? இனி வரும் ஒப்பீடு முழுவதும் இந்த மூன்றின்மேல்தான் நிற்கிறது.

வாரத்தில் எத்தனை நாள்?

பரவலாகப் புழங்கும் ஏற்பாடுகள் நான்கு. வாரம் இரண்டு மூன்று நாள் வந்து ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதற்கும் செய்வது ஒன்று. நான்கு நாளை மேலுடம்புக்கு இரண்டு, கீழுடம்புக்கு இரண்டு என்று பிரிப்பது அடுத்தது. தள்ளும் தசைகள், இழுக்கும் தசைகள், கால்கள் என்று மூன்றாக வகுத்து ஆறு நாள் சுற்றுவது மூன்றாவது. திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு என்று நாளுக்கு ஓர் உறுப்பு எடுத்துக்கொள்வது நான்காவது. ஜிம்மில் அதிகம் கண்ணில் படுவது இதுதான்.

தசை வளர்ச்சியைப் பொறுத்தவரை, ஒரு தசைக்கு வாரத்தில் கிடைக்கும் மொத்த செட்கள் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் பல தடவைகள் சேர்ந்தது ஒரு செட்) சமமாக இருந்தால், அவற்றை எத்தனை நாளாகப் பிரித்தாலும் பெரிய வேறுபாடு வருவதில்லை என்றே ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. ஆக, நாள்கணக்கு என்பது வேலையைப் பங்கிடும் வழிதான். ஆறு நாள் போகிறவர் மூன்று நாள் போகிறவரைவிட இருமடங்கு வளர்வதில்லை.

வேறுபாடு தெரிவது நாள் தவறும்போதுதான். உடம்பு முழுவதற்கும் செய்கிறவர் புதன்கிழமையைத் தவறவிட்டால், ஒவ்வொரு தசையும் அந்த வாரம் மூன்றுக்குப் பதில் இரண்டு முறை வேலை செய்திருக்கும். நாளுக்கு ஓர் உறுப்பு என்று போகிறவர் கால் நாளைத் தவறவிட்டால், முந்தைய கால் நாளுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு வாரம் ஓடிவிடும். பிடிக்காத நாள்தான் பெரும்பாலும் தவறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் முதல் ஆண்டில் இருக்கும் எவருக்கும் நான் சொல்வது உடம்பு முழுவதற்குமான மூன்று நாள். வேலைப்பளு அதிகம் என்றால் இரண்டு நாள். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தசை வலுப்பயிற்சிக்கு வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்றே சொல்கிறது.

நான்கு நாளுக்கு எப்போது மாறலாம்? செட்கள் கூடிக்கூடி ஒரு நாள் பயிற்சி ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டும்போது. கடைசிப் பயிற்சிகளுக்கு வரும்போது உடம்பில் வலு மிஞ்சாதபோது. அதற்கு முன்பே மாறுவதில் லாபம் இல்லை. ஆறு நாள் ஏற்பாடு, பயிற்சிக்கூடத்தில் இருப்பதே பிடித்துப்போனவர்களுக்கானது. அந்த விருப்பம் உண்மையாகவே இருந்தால் அதுவும் நல்ல காரணம்தான்.

எதைத் தூக்குவது?

உடல் எடையை மட்டும் வைத்துச் செய்யும் பயிற்சிகளுக்குச் செலவு இல்லை, இடம் வேண்டாம், வெளியூர் போனாலும் கூடவே வரும். முதல் கேள்வியில் இது முழு மதிப்பெண் வாங்கும். இடிப்பது இரண்டாவதில். புஷ்-அப் இருபது தடவை எளிதாக வந்துவிட்டால் அடுத்த படி எது? கடினமான வகைக்குப் போனால் ஒன்றிரண்டுகூட வராமல் போகலாம். நடுவில் சின்னச் சின்னப் படிகள் குறைவு. கால்களுக்கு இன்னும் சிரமம். முதுகுக்கோ இழுத்துத் தொங்க ஏதாவது வேண்டும்.

மெஷினில் அசைவின் பாதை ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கும். சமநிலைக்குப் போராட வேண்டாம், கற்றுக்கொள்ளும் காலம் குறைவு, களைத்துப்போன செட்டிலும் பயம் இல்லை. தனியாகப் பயிற்சி செய்கிறவருக்கும், மூட்டில் பழைய காயம் உள்ளவருக்கும், ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறை தொடங்குகிறவருக்கும் இதைத் தாழ்வாகப் பேசுவது அநியாயம். தசை வளர்ச்சியில் மெஷினுக்கும், இரு முனையிலும் எடைத்தட்டு மாட்டும் நீளக் கம்பியான பார்பெல்லுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. வலு மட்டும் எதில் பழகினோமோ அதில்தான் அதிகம் கூடும்: காலால் எடையைத் தள்ளும் கால் பிரஸ் மெஷினில் ஏறிய எடை, பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் அப்படியே ஏறாது.

பார்பெல்லும் டம்பெல்லும் கற்றுக்கொள்ள நாள் எடுக்கும். முதல் சில மாதங்கள் விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. அதற்கு ஈடாக வேறெதிலும் எளிதில் கிடைக்காத ஒன்று பார்பெல்லில் கிடைக்கும்: அளவு. இரு பக்கமும் 1.25 கிலோ தட்டு மாட்டினால் மொத்தம் 2.5 கிலோதான் ஏறும். போன வாரம் 40 கிலோ எட்டு தடவை, இந்த வாரம் 42.5 கிலோ எட்டு தடவை என்றால் முன்னேறியிருக்கிறீர்கள். யாரும் சொல்லத் தேவையில்லை. பலனைச் சீக்கிரம் காட்டும் முறையை நான் உயர்வாக மதிப்பதால் என் ஓட்டு இதற்கே. கூடவே ஒன்றிரண்டு மெஷின்களைச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

எவ்வளவு எடை என்ற கேள்விக்கு விடை பலரும் நினைப்பதைவிடத் தாராளமானது. ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையில் 30 சதவீதத்தை வைத்துச் செய்தாலும், 80 சதவீதத்தை வைத்துச் செய்தாலும், இனி முடியாது என்ற நிலைக்குப் பக்கத்தில் போய் நிறுத்தினால் தசை ஏறக்குறைய ஒரே அளவு வளர்கிறது. உச்ச வலுதான் இலக்கு என்றால் கனமான எடை தேவை. லேசான எடையில் முப்பது தடவை செய்யும் செட் மூச்சு முட்ட வைக்கும்; மனம் முதலில் விட்டுவிடும். அதனால் பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 15 தடவைக்குள் முடிகிற எடையே வசதி. செட்டை முடிக்கும்போது இன்னும் ஒன்றிலிருந்து மூன்று தடவை செய்ய மிச்சம் இருக்க வேண்டும். தொடக்கத்தில் இந்த மிச்சத்தைக் கணிப்பது கடினம். பலரும் ‘இதற்குமேல் முடியாது’ என்று நிறுத்தும்போது உண்மையில் இன்னும் சில தடவை பாக்கி இருக்கும். ஆபத்தில்லாத ஒரு மெஷினில் எப்போதாவது ஒருமுறை கடைசிவரை போய்ப் பாருங்கள், கணிப்பு திருந்திவிடும்.

செட் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலார்ம், கனமான எடை தூக்க வைத்தே கால் தசைகளை மீட்கலாம் என்று 1945ல் எழுதினார். தொடக்கத்தில் அவர் கொடுத்தது பத்துப் பத்து தடவையாக 7 முதல் 10 செட். சில ஆண்டுகளில் அவரும் ஆர்தர் வாட்கின்ஸும் சேர்ந்து அதை மூன்று செட்டாகக் குறைத்துவிட்டார்கள்; அவ்வளவு போதும் என்று கண்டார்கள். இன்றும் புதியவர் ஒரு தசைக்கு வாரம் ஆறிலிருந்து பத்து செட் செய்தால் தாராளம். அதற்குமேல் போவதை, முன்னேற்றம் நின்ற பிறகு எடுக்க வேண்டிய கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

வயதைக் காரணம் காட்டி ஒதுங்குகிறவர்களுக்கு 1990ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல ஆசைப்படுகிறேன். முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான கால் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தக்க கண்காணிப்போடுதான் செய்தார்கள். ஆனாலும் செய்தார்கள்.

சாப்பாட்டில் எதை எண்ணுவது?

இங்கே முதலில் முடிவாக வேண்டியது திசை. இளைக்க வேண்டும் என்றால் வாரம் உடல் எடையில் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை குறைவது தசைக்குப் பாதுகாப்பான வேகம். ஒல்லியானவர் ஏற வேண்டும் என்றால் வாரம் கால் சதவீதத்திலிருந்து அரை சதவீதம். அதைவிட வேகமாக ஏறினால் ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பு. உடம்பில் கொழுப்பு ஓரளவு உள்ள, பயிற்சிக்குப் புதியவருக்கு மூன்றாவது வழியும் உண்டு: எடை பெரிதாக மாறாமலே கொழுப்பு குறைந்து தசை கூடும். பயிற்சிக்குப் பழகப் பழக இந்தச் சலுகை குறைந்துவிடும். அதனால் புதியவர்கள் முதல் மாதங்களில் கடுமையாகப் பட்டினி கிடந்து அதை வீணாக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எந்தத் திசையானாலும் புரதம் மாறாத தேவை. 49 சோதனைகளையும் 1,863 பேரையும் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் புரதம் வரை தசைக்குப் பலன் கூடுவதாகவும், அதற்குமேல் சராசரியில் பெரிதாகக் கூடுவதில்லை என்றும் கண்டது. 70 கிலோ எடை உள்ளவருக்கு இது 112 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், கால் லிட்டர் பாலில் 8 கிராம், நூறு கிராம் வேகவைத்த பருப்பில் 9 கிராம், நூறு கிராம் சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் 30 கிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால், சைவம் சாப்பிடுகிறவர் திட்டமிட்டால்தான் எட்ட முடியும் என்பது உடனே தெரியும். உடல் பருமன் அதிகம் உள்ளவர் இப்போதைய எடைக்குப் பதில் எட்ட நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மீதி உணவைக் கட்டுப்படுத்துவதில்தான் போட்டி.

கலோரி எண்ணுவது மிகத் துல்லியமானது, மிகச் சலிப்பானதும்கூட. அதன் அருமை அது நம் கணிப்பைத் திருத்துவதில் இருக்கிறது. 1992ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ‘எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை’ என்று வந்தவர்களைக் கவனித்தார்கள். தாங்கள் சாப்பிட்டதை அவர்கள் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. கண்ணளவு அப்படித்தான் தவறும். எனவே என் பரிந்துரை: சமையலறைத் தராசில் நிறுத்து இரண்டு மூன்று வாரம் எண்ணுங்கள், எண்ணெயையும் விடாமல். எது எவ்வளவு என்று கண் பழகியதும் நிறுத்திவிடுங்கள். சாப்பாட்டைப் பற்றிய பதற்றமோ, பட்டினி கிடந்து பின் அளவில்லாமல் சாப்பிடும் பழக்கமோ முன்பு இருந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். எண்கள் அந்தப் புண்ணைக் கிளறும்.

நேரத்தை வரையறுத்துச் சாப்பிடுவது எண்ண விரும்பாதவர்களுக்குப் பிடித்தமானது. காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் சாப்பிட்டவர்களையும் நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்களையும் ஓராண்டு ஒப்பிட்ட ஆய்வு 2022ல் வந்தது. மொத்தம் 139 பேர். இரு குழுவுக்கும் கலோரி அளவு ஒன்றுபோலக் குறைக்கப்பட்டிருந்தது. 8 கிலோவும் 6.3 கிலோவும் குறைந்தன. அந்த இடைவெளியைப் பொருட்படுத்தத் தக்கது என்று புள்ளியியல் ஏற்கவில்லை. நேரத்தில் மந்திரம் இல்லை. குறைவாகச் சாப்பிட அது ஒரு வேலி, அவ்வளவே. சிலருக்கு அந்த வேலி கச்சிதமாக உதவும். எடைப்பயிற்சி செய்கிறவருக்கு இதில் இரண்டு இடைஞ்சல்கள்: 112 கிராம் புரதத்தை இரண்டே வேளையில் அடக்குவது சிரமம், இரவு ஏழு மணிக்குப் பயிற்சி முடித்துவிட்டு வெறும் வயிற்றோடு படுப்பதும் சிரமம்.

மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் முறை முதல் வாரத்தில் எடையைச் சட்டென்று இறக்கிக் காட்டும். அதில் பெரும்பகுதி நீர். மாவுச்சத்தை உடம்பு தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன், தன் எடையைப்போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கரையும்போது நீரும் போகிறது. இந்த முறையில் பசி அடங்குகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரு தசைக்குப் பல செட்கள் செய்யும் நாளில் சிலருக்குக் கடைசி செட்கள் சரிகின்றன. உங்களுக்குச் சரிகிறதா என்பதை உங்கள் குறிப்பேடுதான் சொல்ல வேண்டும்.

இவை எதுவுமே வேண்டாம் என்கிறவருக்கும் ஒரு வழி இருக்கிறது: ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவை விலக்குவது. 2019ல் வெளியான ஆய்வில் 20 பேரை ஓரிடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் அத்தகைய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். முன்னால் வைத்த கலோரியும் சர்க்கரையும் நார்ச்சத்தும் இரண்டிலும் ஒன்றே, வேண்டுமளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவின்போது நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. புரதத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, மற்றதை இப்படி ஒழுங்குபடுத்துவதுதான் பெரும்பாலானவர்களால் ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடியது என்பது என் முடிவு.

உணவோடு கூடுதலாக எடுக்கும் சப்ளிமென்ட்களில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் (தசையில் இயல்பாகவே உள்ள ஒரு பொருளின் பொடி வடிவம்), நாளுக்கு 3 முதல் 5 கிராம், வலுவுக்கு நன்றாக நிரூபணமானது. தொடக்கத்தில் தசைக்குள் நீர் சேர்ந்து எடை சற்று ஏறும். புரதப் பொடி ஓர் உணவு, அதற்குமேல் ஒன்றும் இல்லை. மற்ற டப்பாக்களுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தைச் சாப்பாட்டுக்குச் செலவிடுங்கள்.

உங்கள் உடம்பைக் கேட்பது

தேர்ந்தெடுத்த முறையை 12 வாரம் மாற்றாமல் நடத்துங்கள். நடுவில் ஏதேனும் மாற்றியே தீர வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். பயிற்சியையும் உணவையும் தூக்க நேரத்தையும் ஒரே வாரத்தில் புரட்டிப்போட்டால் பலன் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

குறிக்க வேண்டியவை அதிகம் இல்லை. நான்கைந்து முக்கியப் பயிற்சிகளில் எடையும் தடவையும். காலையில் கழிவறை போய்விட்டு வந்ததும் பார்த்த உடல் எடை. ஒரு நாள் எண்ணைப் பொருட்படுத்தாமல் வாரச் சராசரியை மட்டும் பாருங்கள், உப்பு கூடினால்கூட ஒரு கிலோ ஆடும். மாதவிடாய் வருகிற பெண்கள் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, போன சுழற்சியின் அதே கட்டத்தோடு ஒப்பிடுவதே சரி. நீர்த்தேக்கத்தால் வரும் ஏற்றத்தைக் கொழுப்பு என்று எண்ணி உணவைக் குறைத்தவர்கள் ஏராளம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்புச் சுற்றளவு. வீட்டுத் தராசு காட்டும் கொழுப்புச் சதவீதத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். நீங்கள் குடித்த தண்ணீர் அதை மாற்றிவிடும்.

இந்த எண்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். தூக்கும் எடை ஏறுகிறது, உடல் எடை நிற்கிறது, இடுப்பு குறைகிறது என்றால் எல்லாம் சரியாகவே நடக்கிறது, எதையும் தொடாதீர்கள். உடல் எடை வேகமாக இறங்கி, தூக்கும் எடையும் இறங்கினால் உணவு போதவில்லை. மாதவிடாய் நின்றுபோவது, எப்போதும் குளிர்வது, அடிக்கடி காயம்படுவது போன்றவை சேர்ந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை.

12 வாரம் கழிந்தும் எதுவும் அசையவில்லை என்றால், முறையைத் தூக்கி எறியும் முன் ஒரு வரிசையில் சோதியுங்கள். முதலில் வருகை: திட்டமிட்ட நாள்களில் உண்மையில் எத்தனை நாள் போனீர்கள்? பாதிதான் என்றால் நாள்களைக் குறைத்து எழுதுங்கள். தவறவிடும் நான்கு நாளைவிடத் தவறாத இரண்டு நாள் அதிகம் தரும். அடுத்து முயற்சி: செட்டின் முடிவில் மிச்சம் மூன்றா, ஏழா? பிறகு தூக்கமும் புரதமும். இவை எல்லாம் சரியாக இருந்தும் தசை அசையாதபோதுதான், அந்தத் தசைக்கு வாரம் மூன்று நான்கு செட் கூட்டுங்கள். பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலிக்கு எதையும் மாற்ற வேண்டாம். மூட்டில் குத்தும் வலி வந்தால் அந்த ஒரு பயிற்சிக்கு மட்டும் மாற்று தேடுங்கள்: ஸ்குவாட்டுக்குப் பதில் கால் பிரஸ், படுத்தபடி எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் பார்பெல்லுக்குப் பதில் டம்பெல். வலி இரண்டு மூன்று வாரத்தில் விடவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். மாற்றிய தேதியைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த நான்கு வாரம் வேறெதையும் தொடாதீர்கள்.